யார் வீட்டுப் போர்வையோ அவர் பேசலாம்

என் ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மழைதான் இன்னும் வரவில்லை. வானம் கருத்துக் கருத்து வெளுக்கிறது. போன வாரம் நீ கோயமுத்தூருக்குப் பஸ் ஏறியபோது ஜன்னல் வழியாகக் குனிந்து, "கல்யாணத்துக்கு அப்புறம் எப்படி நடந்துக்கணும்னு ஆளுக்கொண்ணு சொல்றாக. நீ மட்டும் ஒண்ணுமே சொல்லலையேம்மா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்கென்று சொந்தமாக ஒரு புத்திமதியும் கிடையாது ராசா. நம் வீட்டில் நல்லபடியாக முடிந்த காரியம் ஒவ்வொன்றும் இந்தத் தெருப் பெண்களில் யாராவது ஒருத்தி சொல்லி நான் செய்தது. இல்லையென்றால், அவள் சொன்னதைக் கேட்காமல் நான் வேறு மாதிரிச் செய்து, அதற்குப் பிறகும் அவள் என்னோடு நின்றதால் ஒப்பேறியது. அவர்களைப் பற்றிச் சொல்லாமல் உனக்கு என்ன சொல்வது? கல்யாணப் பரபரப்பில் உட்கார்ந்து பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். கடைக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

சின்ன வயதில் நீ கொஞ்ச காலம் வீரசோழன் கிராமத்தில் கதீஜா அம்மாவின் தாய்வீட்டில் இருந்தது உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கும். அங்கே இருந்த ஆட்டுக்குட்டியைப் பற்றி நீயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். எதற்காக அங்கே இருந்தாய் என்று நீ கேட்டதில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதோடு நாங்களும் நிறுத்திக்கொண்டோம். இப்போது நீ ஒரு குடும்பத்துக்குத் தலைவனாகப் போகிறாய், முழுதும் தெரிந்துகொள்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு வாழவந்த புதிதில் இந்தத் தெருவில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அப்பாவுக்கு அப்போதும் இதே பலசரக்குக் கடைதான். காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். உன் அப்பத்தா கெட்டவர் இல்லை. ஆனால் வீட்டுப் பேச்சு வாசல்படி தாண்டக் கூடாது என்பதில் அத்தனை கண்டிப்பு. சமையல் முடிந்த பிறகு நான் முற்றத்தில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தை யாரோ பேசுகிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தத் தறி வீட்டுக்காரிதான் தாயம்மா அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவள் மெதுவாகப் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும். ஒருநாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏத்தா புதுப்பொண்ணு, சும்மா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே, ஊசி பிடிக்கத் தெரியுமா உனக்கு?" என்றாள்.

"தெரியும்க்கா. கிழிஞ்சா தைப்பேன்."

"அது போதும். வா. உங்க அத்தைட்ட நான் கேட்டுட்டேன்."

அவள் கேட்கவே இல்லை என்பது சாயங்காலம் வீட்டுக்கு வந்து திட்டு வாங்கியபோதுதான் தெரிந்தது. ஆனால் அதற்குள் நான் அவர்களில் ஒருத்தி ஆகிவிட்டிருந்தேன்.

தெருவுக்குப் பின்னால் கதீஜாவின் வீட்டுக்காரருடைய நூல் கிட்டங்கி இருந்தது. கடைவீதியில் நூல் கடை, இங்கே சரக்கு வைக்கிற இடம். நூல் மூட்டைகளை ஒரு ஓரமாக அடுக்கிவிட்டால் நடுவில் விசாலமான சிமெண்டுத் தரை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் அங்கே கூடுவோம். நைந்துபோன நூல் சேலைகள், பழைய வேட்டிகள், தறியிலிருந்து அறுத்துப் போடும் துண்டுகள் எல்லாவற்றையும் வெந்நீரில் புழுக்கிக் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, காற்றுக்குப் புரளாமல் மூலைக்கு மூலை கல் வைப்போம். பிறகு நாலு பக்கமும் உட்கார்ந்து ஓரத்திலிருந்து உள்பக்கமாகத் தைத்துக்கொண்டே போவோம். தடித்த நூல், பெரிய ஊசி, அரிசி அளவுத் தையல். ஒரு போர்வை முடிய ஒரு மாதம்கூட ஆகும். விற்பதற்காகத் தைத்தது இல்லை. மார்கழிக் குளிருக்கு, பிரசவத்துக்கு, பெரியவர்கள் படுக்கைக்கு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை இருந்தது. தனியாக ஒருத்தி தைத்தால் கழுத்து ஒடிந்துவிடும். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை உன் வீட்டுப் போர்வை, அடுத்த தடவை என் வீட்டுப் போர்வை.

அதோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. யார் வீட்டுப் போர்வை தரையில் விரித்திருக்கிறதோ, அவள் தன் மனதில் கிடக்கிறதைப் பேசலாம். மற்றவர்கள் தைத்துக்கொண்டே கேட்பார்கள், தெரிந்ததைச் சொல்வார்கள். எல்லாருடைய தலையும் குனிந்தே இருக்கும், கண் தையலில் இருக்கும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பேசுவதில் எத்தனை சவுகரியம் என்பதை நான் அங்கேதான் கண்டுகொண்டேன். அழுகை வந்தாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அடுத்த தையலைப் போடலாம்.

அங்கே கிடைத்த யோசனை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதே. ஒருத்தி கிழக்கே போ என்பாள், இன்னொருத்தி மேற்கே போ என்பாள். எஸ்தர் டீச்சர் கதையைச் சொல்கிறேன். உனக்கு ஒன்றாம் வகுப்பில் ஆனா ஆவன்னா எழுதக் கற்றுக்கொடுத்தவர். சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். அவர் வீட்டுப் போர்வை விரித்திருந்த சமயம், அவருடைய வீட்டுக்காரருக்கு ராமநாதபுரத்துக்கு வேலை மாற்றலாகிவிட்டது. வேலையை விட்டுவிட்டு அவரோடு போவதா, இங்கேயே பிள்ளைகளோடு இருப்பதா என்று கேட்டார். தாயம்மா அக்கா ஊசியைத் தரையில் குத்தாத குறைதான். "புருஷன் ஒரு ஊரு, பொண்டாட்டி ஒரு ஊரா? இது என்ன குடும்பமா, பஸ் ஸ்டாண்டா? பேசாமக் கெளம்பு டீச்சரு" என்று சத்தம் போட்டாள். நாங்களும் கிட்டத்தட்ட அதையே சொன்னோம். எஸ்தர் டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், நன்றி சொன்னார், வேலையை விடாமல் இங்கேயே இருந்துவிட்டார். அவருடைய வீட்டுக்காரர் மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போன அன்றைக்கு, டீச்சர் வீட்டு வாசலில் முதல் ஆளாகப் போய் விறகுக் கட்டை இறக்கி வைத்தது யார் தெரியுமா? தாயம்மா அக்காதான். "ஆம்பளை இல்லாத வீட்டுல விறகு யாரு பொளப்பா? எம்மகன் வந்து பொளந்து தருவான்" என்றாள். போகச் சொல்லிக் கத்தியவளே அவள்தான். கோபம் ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு அது புதுசாக இருந்தது. எங்கள் ஊரில் பெரியவர்கள் சொன்னதைக் கேட்காவிட்டால் வருஷக் கணக்கில் பேச்சே இருக்காது.

நீ பிறந்து ஓடியாடுகிற வயதில் அப்பாவுக்கு இருமல் வந்தது. மிளகாய் வத்தல் மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் வந்த இருமல் என்று முதலில் நினைத்தோம். கோடை முடிந்தும் நிற்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கும். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. ஒருநாள் துவைக்கப் போட்டிருந்த அவருடைய துண்டில் ரத்தக் கறையைப் பார்த்தேன். அப்பத்தாவிடம் காட்டினேன். அவர் முன்னாலேயே பார்த்திருக்கிறார். துண்டைப் பிடுங்கித் தண்ணீரில் முக்கி, "இத வெளிய மூச்சு விடாத. ராஜத்துக்கு விருதுநகர்லருந்து பொண்ணு பாக்க வாராக. இந்த வீட்டுல சயரோகம்னு தெரிஞ்சா எவன் வருவான்? அவ கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். ராஜம் அத்தைக்கு அப்போது கல்யாண வயது. அப்பத்தாவின் பயமும் நியாயமில்லாதது என்று சொல்ல முடியாது. அந்த நோயின் பெயரைச் சொன்னாலே எதிர்ப்பக்கம் போய் நடக்கிற காலம் அது. நாட்டு வைத்தியரிடமிருந்து லேகியம் வந்தது. அப்பா அதைத் தின்றுவிட்டு இருமினார்.

அந்த மாதம் தரையில் விரித்திருந்தது என் போர்வை. நாலைந்து நாள் வாயைத் திறக்காமல் தைத்தேன். கதீஜா என்னருகில் உட்கார்ந்திருந்தாள். அவளும் என் வயதுதான். வீரசோழனில் பிறந்து இங்கே வாழவந்தவள், அதனால் வந்த நாள் முதல் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு ஒட்டுதல். "உன் தையல் கோணுது" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவ்வளவுதான், எனக்குத் தாங்கவில்லை.

"அவுகளுக்கு இருமுனா ரத்தம் வருது" என்றேன்.

ஒரு ஊசியும் நிற்கவில்லை ராசா. யாரும் ஐயோ என்று கத்தவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நூல் துணிக்குள் இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் நின்றிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன். அது நிற்காததால் மிச்சத்தையும் சொன்னேன். லேகியத்தை, உன் அப்பத்தா சொன்னதை, விருதுநகர் சம்பந்தத்தை, நீ தினமும் அப்பாவின் நெஞ்சின்மேல் படுத்துத் தூங்குவதை.

அன்று சனிக்கிழமை. எஸ்தர் டீச்சர்தான் முதலில் பேசினார். "நாளைக் கடத்தாம மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்த நோய்க்குன்னே அங்க ஆஸ்பத்திரி இருக்கு. இப்ப ஊசி, மாத்திரை எல்லாம் வந்திருச்சு. எங்க சித்தப்பா அங்க இருந்து பொழச்சு வந்து, இன்னைக்கும் கோயில்ல நின்னு பாடுறாக."

"பொண்ணு பாக்க வார நேரத்துல இப்படிக் கூட்டிட்டுப் போனா ஊரே பாக்காதா?" என்றது இன்னொரு குரல்.

தாயம்மா அக்கா வழக்கம்போலக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "ராஜத்துக்காக மறைக்கிறோம், ராஜத்துக்காக மறைக்கிறோம்ங்கிறீகளே, அந்தப் புள்ளைட்ட யாராச்சும் கேட்டீகளா?" என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

எல்லாரும் எழுந்தபோது தாயம்மா அக்கா என்னைத் தனியாக நிறுத்தினாள். அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "ஆத்தா, மனசுல வச்சுக்கிறாத. எம்மக பச்சப்புள்ளையோட வந்து வீட்டுல கெடக்கா. எனக்குப் பயமா இருக்கு. உன்னையும் டாக்டரு பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்ற வரைக்கும் இங்க வராத" என்றாள். சரிக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல யோசனை சொன்ன அதே வாய் என்னை வெளியேயும் நிறுத்திவிட்டது. அன்று பட்ட வேதனை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அந்த நோயைக் கேள்விப்பட்டுப் பிறகு ஒதுங்கியவர்கள் யாரும் அப்படிச் சொல்லிவிட்டு ஒதுங்கவில்லை.

மறுநாள் ராஜம் அத்தை முறத்தில் பருப்புக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போய் உட்கார்ந்தேன். நானும் ஒரு கை பருப்பை என் பக்கம் இழுத்து, பொறுக்கிக்கொண்டே சொன்னேன். அவள் ஒரு கல்லை எடுத்துத் தூர எறிந்தாள். பிறகு, "மதினி, அண்ணன் இல்லாத வீட்டுலருந்து எனக்கு என்னத்துக்குக் கல்யாணம்? மணவறையில என் கையப் பிடிச்சுக் குடுக்க யாரு வருவா?" என்றாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே அப்பத்தாவிடம் போனாள். "அண்ணன மதுரைக்கு அனுப்பு. இல்லைன்னா பொண்ணு பாக்க வாரவுகட்ட நானே சொல்லிருவேன்" என்றாள். இன்று பேரம் பேசக்கூடக் கூச்சப்படுகிற உன் ராஜம் அத்தைதான். அப்பத்தா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் அவரே அப்பாவின் வேட்டி சட்டைகளை எடுத்துப் பையில் வைத்தார்.

மதுரையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் அதுதான். குணமாக்கிவிடலாம், ஆனால் மாதக்கணக்கில் தங்க வேண்டும் என்றார் டாக்டர். என்னையும் உன்னையும் சோதித்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. படுக்கை காலியாகிற வரைக்கும் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கட்டும், ஆனால் பிள்ளையை மட்டும் அந்த வீட்டில் படுக்க வைக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நம் வீட்டில் இருந்ததே இரண்டு அறை. என் அம்மா அப்போது உயிரோடு இல்லை. உன் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன், பிள்ளைகள் இருக்கிற வீடு என்று தயங்கினார். அவர்மேல் குற்றமில்லை, ஊர் முழுதும் அந்தப் பயம்தான்.

மறுநாள் கதீஜா வந்தாள். வாசலில் நின்று பேசிவிட்டுப் போகவில்லை, உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். "பிள்ளைய என்ட்ட குடு. எங்கம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். காத்தாட வீடு, ஆடு மாடு கெடக்கு, விளையாடப் பிள்ளைக கெடக்கு" என்றாள்.

"உன் பிள்ளைக இருக்கே கதீஜா, பயமில்லையா உனக்கு?"

"பயமில்லாமயா? நேத்து எஸ்தர் டீச்சர்ட்டப் போயி நாலு தடவை கேட்டேன். இவனுக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொன்னப்புறம் எங்கிட்ட வேற என்ன யோசனை வேண்டியிருக்கு?"

தன் இரண்டு பிள்ளைகளோடு உன்னையும் கூட்டிக்கொண்டு, வீரசோழன் பஸ்ஸில் ஏறிப் போனாள். அவளுடைய வீட்டுக்காரர் இங்கே கடையைப் பார்த்துக்கொண்டு ஓட்டலில் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் ஊருக்குப் போய் வருவார். ஒருநாள் அவரிடம் நான் தயங்கித் தயங்கி, உங்களுக்கு எங்களால் எவ்வளவு சிரமம் என்று ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டி, "விடுங்க தங்கச்சி. ஓட்டல் சாம்பாரு நல்லாத்தான் இருக்கு, அவட்ட மட்டும் சொல்லிராதீக" என்று சிரித்துவிட்டுப் போனார்.

படுக்கை கிடைத்து அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். யாரோ பார்த்திருக்கிறார்கள், விஷயம் பரவிவிட்டது. விருதுநகர்க்காரர்கள் வரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். கடைக்கு ஆள் வருவது குறைந்தது. நானும் ராஜமும் மாறி மாறிக் கடையில் உட்கார்ந்தோம், மதுரைக்கும் கடைக்கும் அலைந்ததில் உன்னை உடனே கூட்டி வர முடியவில்லை. அந்த நாட்களில் விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் தண்ணீர்க் குடங்கள் நிறைந்து நிற்கும். அருப்புக்கோட்டைத் தண்ணீர்க் கஷ்டம் உனக்குத் தெரியாததா? ஒரு குடத்துக்காக ஊருக்கு வெளியே நடந்து போய், கிணற்றடியில் வரிசையில் நின்று, இறைத்துச் சுமந்து வர வேண்டும். யார் வைக்கிறார்கள் என்று ஒருநாள் சீக்கிரமே எழுந்து பார்த்தேன். தாயம்மா அக்கா. குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் படியேறாமல் திரும்பினாள். நான் கூப்பிட்டேன். "பயம் இன்னும் போகலத்தா" என்று தெருவிலிருந்தே சொன்னாள். "ஆனா தண்ணி கொண்டாரதுக்குப் பயம் எதுக்கு?" என்றாள். எத்தனையோ மாதம் அவள் அந்தக் குடங்களை வைத்தாள். தைரியசாலிகள் செய்கிற உதவியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். பயந்துகொண்டே ஒருத்தி செய்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு வீரசோழனுக்கு வருவேன். முதலில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாய். போகப் போக, கதீஜாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாய். அவளை அம்மா என்று கூப்பிட்டாய். கதீஜா உன்னை முன்னால் தள்ளினாள், நீ அழுதாய். நான் வெளியே வந்து வேலியோரமாக நின்றேன். அவள் பின்னாலேயே வந்தாள். கிட்டங்கியில் இருக்கிற மாதிரியே என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நின்று, தூரத்துக் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உன்ன நெனச்சு அவன் அழுதுக்கிட்டே இருந்தா உனக்குச் சந்தோஷமா? இங்க நல்லாருக்கான், அதான் மறந்து விளையாடுறான். உன் பிள்ளைதான், எங்க போகப்போறான்? இன்னைக்கு அழுகாமக் கெளம்பு. அடுத்த வாரம் வரும்போது கடைலருந்து பொரிகடலை கொண்டா." கொண்டு வந்தேன். நீ பொரிகடலைக்காக என் மடிக்கு வந்தாய், பிறகு எனக்காகவும் வந்தாய்.

மார்கழி பிறந்ததும் ஆஸ்பத்திரி நர்சம்மா, வார்டில் குளிர் அதிகம், கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசினாலும் தாங்குகிற கனத்த போர்வை இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சொன்னார். எஸ்தர் டீச்சரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாளே தாயம்மா அக்கா வந்தாள். படியேறி வந்தாள், வீட்டுக்குள்ளேயே வந்தாள். "கெளம்பு. இன்னைக்கு உங்க வீட்டுப் போர்வை" என்றாள். என் முறை எப்போதோ முடிந்துவிட்டதே என்றேன். "இது உனக்கில்ல, அவுகளுக்கு" என்றாள். அவள் கையில் அரக்குக் கரைச் சேலை ஒன்று இருந்தது. அவளுடைய வீட்டுக்காரர் அவளுக்கென்றே தறியில் நெய்தது, இரண்டொரு கல்யாணத்துக்கு மட்டும் கட்டியது. பழந்துணி இல்லை. நான் வேண்டாம் என்றதற்கு, "கொதிக்கிற தண்ணியத் தாங்கணும்ல? கந்தல் தாங்குமா?" என்று அதட்டினாள். கிட்டங்கியில் ஒவ்வொருத்தியும் ஒரு துணி கொண்டு வந்திருந்தாள். ராஜமும் வந்து உட்கார்ந்தாள். தாயம்மா அக்கா என் தோள் உரச எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நாங்கள் பாதி தைத்திருந்தபோது ஒரு மத்தியானம் உன் அப்பத்தா கிட்டங்கிக்குள் நுழைந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததே இல்லை. விருதுநகர் சம்பந்தம் முறிந்ததிலிருந்து, இந்தப் பெண்கள்தான் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள் என்று மனதில் வைத்துக் குமுறிக்கொண்டிருந்தார். "ஏண்டி, எங்க வீட்டுக் கதைய ஊருக்கெல்லாம் தச்சுப் போட்டீகளா?" என்று ஆரம்பித்தார். தன் மகள் அங்கே உட்கார்ந்து தைப்பதைப் பார்த்தார். தரையில் விரித்திருந்த போர்வையைப் பார்த்தார். யாரும் ஊசியை நிறுத்தவில்லை. தாயம்மா அக்காகூட. ராஜம் மட்டும், "அண்ணனுக்குத்தான்ம்மா" என்றாள்.  அப்பத்தா குனிந்து ஒரு மூலையைத் தொட்டு, "இந்த மூலை சுருக்கிட்டு நிக்கிதே, ஒருத்தி கண்ணுக்கும் தெரியலையா?" என்றார். தாயம்மா அக்கா நகர்ந்து இடம் விட்டாள். கதீஜாவின் இடத்தில், அவள் வீரசோழனில் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் காலியாகக் கிடந்த இடத்தில், அப்பத்தா உட்கார்ந்து ஊசியைக் கேட்டு வாங்கினார்.  நாலைந்து நாள் கழித்துத் தையலைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது" என்று சொன்னார். அவர் யாரிடமாவது அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுப் பேச்சு வெளியே போகக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் கதவைச் சாத்தி வைத்தவருக்கும் சொல்ல அவ்வளவு இருந்திருக்கிறது.

அப்பா பிழைத்து வந்தார். மறு வருஷம் வேப்பம்பூ கொட்டுகிற சமயத்தில், சதை போட்டு, முகம் தெளிந்து வந்து இறங்கினார். போர்வை எங்கே என்று கேட்டேன். பக்கத்துப் படுக்கையில் புதிதாக ஒருத்தர் வந்திருக்கிறார், அவருக்குக் கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை, நர்சம்மாவிடம் கேட்டு அலசி அவருக்கே போர்த்திவிட்டு வந்தேன் என்றார். தாயம்மா அக்கா என்ன சொல்வாளோ என்று பயந்தேன். "நல்லதாப் போச்சு, திரும்பி வந்திருந்தா நீ அத யாருக்கும் ஆகாமப் பெட்டிக்குள்ள பூட்டித்தான் வெச்சிருப்ப" என்றாள். உன்னைக் கதீஜா கொண்டுவந்து விட்டபோது நீ இரண்டு நாள் அழுதாய். அவளும் கிட்டங்கியில் உட்கார்ந்து தைக்க முடியாமல் இரண்டு நாள் அழுதாள். அவளுக்கு நாங்கள் என்ன யோசனை சொல்வது? கூடவே உட்கார்ந்திருந்தோம்.

ராஜம் அத்தைக்குக் கமுதியிலிருந்து சம்பந்தம் வந்தது. இந்தத் தடவை அப்பத்தாவே நடுவீட்டில் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் இப்படி ஒரு நோய் வந்து தீர்ந்தது என்று அவர்களிடம் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அதே நோய் வந்து குணமாகியிருந்தது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வழியெல்லாம் தவித்துக்கொண்டே வந்தாராம். மணவறையில் உன் அப்பாதான் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுத்தார்.

கிட்டங்கியில் இன்றைக்கும் மத்தியானம் உட்கார்ந்துதான் இருக்கிறோம். எஸ்தர் டீச்சரின் வீட்டுக்காரர் மாற்றலாகித் திரும்பி வந்துவிட்டார். தாயம்மா அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தால் தைப்பாள், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. போன மாதம் அவளுடைய பேத்தி நர்சு வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது, தூர ஊர் வேண்டாம் என்று நானே எதிர்த்துப் பேசினேன். அவள் கேட்கவில்லை. ஊருக்குப் புறப்பட்ட அன்றைக்கு அவளுடைய டிரங்குப் பெட்டியைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனது நான்தான். தாயம்மா அக்கா இன்னொரு பக்கம். வழியில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதனால் ராசா, நீ கேட்டதற்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உனக்கு யோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். அவர்கள் சொல்வது சரியா தப்பா என்பது அன்றைக்குத் தெரியாது. அவர்கள் பேச்சைக் கேட்காமல் நீ உன் வழியில் போன பிறகும் உன் வாசலுக்கு வருகிறார்களா என்று பார். வருகிறவர்களைக் கடைசி வரை விட்டுவிடாதே. நீயும் அப்படியே இரு. உன் பேச்சைக் கேட்கவில்லை என்பதற்காக யாருடைய வாசலையும் மிதிக்காமல் இருந்துவிடாதே. உன்னை வளர்த்தது நான் ஒருத்தி இல்லை. கல்யாணத்தன்று நீ என் காலில் விழும்போது எனக்குப் பக்கத்தில் தாயம்மா அக்கா, கதீஜா, எஸ்தர் டீச்சர் மூன்று பேரும் நிற்பார்கள். எதற்கென்று யாரும் கேட்டால் உனக்குப் பதில் தெரியும்.

சாந்தி நல்ல பெண். ஒருத்தரையும் தெரியாத ஊருக்கு உன்னை நம்பி வரப்போகிறாள். நீ எவ்வளவு அன்பாக இருந்தாலும் அவளுக்கு நீ மட்டும் போதாது ராசா. இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே. அவளுக்கென்று நாலு பெண்கள் வேண்டும். தைப்பார்களோ, அப்பளம் இடுவார்களோ, குழாயடியில் நின்று பேசுவார்களோ, எப்படியோ அவள் தேடிக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றால், எதற்கு என்று கேட்காதே. கண் சிவந்து திரும்பி வந்தால், அங்கே என்ன பேசினீர்கள் என்று துருவாதே. உன் அப்பா இத்தனை வருஷத்தில் ஒருநாளும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் வர நேரமாகிவிட்டால் அவரே உலை வைத்துச் சோறு வடித்துவிடுவார். இன்றைக்கும் வடித்து வைத்திருக்கிறார். குழைந்துதான் போயிருக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவேன்.

உன் அம்மா